நான்கு பக்கம், ஒரே ஒரு விஷயம்: கணினி மாநாட்டுக்குக் குறுங்கட்டுரை அனுப்புவது எப்படி?

எட்டுப் பக்கக் கட்டுரையில் பாதியை வெட்டிப் போட்டால் மிஞ்சுவது குறுங்கட்டுரை அல்ல, பாதிக் கட்டுரை. முதல்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நீள்கட்டுரைக்குத் தேறும் அளவுக்கு முடிவுகள் இல்லை, கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, சரி, ‘ஷார்ட் பேப்பர்’ பிரிவில் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறார்கள். படிக்கிற மதிப்பாய்வாளருக்கு இது முதல் பக்கம் முடிவதற்குள் தெரிந்துவிடும். பாதியில் நிற்கும் சோதனை, ‘இடமின்மையால் தவிர்க்கிறோம்’ என்று நாலு இடத்தில் சாக்கு, கடைசியில் நீளமாக ஒரு ‘எதிர்காலப் பணிகள்’ பட்டியல்.

கணினி மொழியியலின் முதன்மை மாநாடான ஏசிஎல், கட்டுரைகளுக்கான தன் அழைப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறது: குறுங்கட்டுரை என்பது நீள்கட்டுரையின் சுருக்கம் கிடையாது, சில பக்கங்களில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும். அந்த ‘ஒரு விஷயம்’ எப்படி இருக்கும், அதை எப்படிக் கட்டுரையாக்குவது, அனுப்பும்போது எங்கே கால் இடறும், அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் மாநாடு பற்றிக் கொஞ்சம். பல அறிவியல் துறைகளில் மாநாட்டுக்கு ஒரு பத்திச் சுருக்கம் அனுப்பினால் போதும். போய்ப் பேசிவிட்டு வந்து, முழுக் கட்டுரையை ஆய்விதழுக்கு எழுதுவார்கள். கணினி அறிவியலில் வழக்கம் வேறு. முழுக் கட்டுரையையே மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மூன்று பேர் அதைப் படித்து மதிப்பிடுவார்கள். ஏற்கப்பட்டால் மாநாட்டுத் தொகுப்பில் வெளியாகும்; பலருடைய ஆய்வுக்கு அதுவே இறுதி வெளியீடு. ‘மாநாட்டுக் கட்டுரைதானே’ என்று வேறு துறைக்காரர் யாராவது லேசாகச் சொன்னால் கணினித் துறைக்காரருக்குச் சுருக்கென்று தைப்பது இதனால்தான்.

குறுங்கட்டுரையும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதே மதிப்பாய்வு, அதே தொகுப்பு. அளவு மட்டும் வேறு. ஏசிஎல்லில் நீள்கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம். மேற்கோள் பட்டியல் இந்தக் கணக்கில் சேராது. மற்ற மாநாடுகளில் எண்ணிக்கை மாறும், மேற்கோள்களைச் சேர்த்து எண்ணும் இடங்களும் உண்டு. பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியாது. ஏசிஎல்லும் பொறியியலாளர் சங்கமான ஐஇஇஇயும் தரும் வார்ப்புருக்களில், அதாவது பக்க அமைப்பு மாதிரிகளில், ஒரு பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகள் நெருக்கமாக ஓடும். ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்என்சிஎஸ் வரிசைக்கான வார்ப்புருவில் அகன்ற ஓரம் விட்டு ஒற்றை நெடுவரிசைதான். அங்கே நான்கு பக்கம் என்பது மிகக் குறைவு.

ஒரு விஷயம் என்றால் எவ்வளவு?

ஏசிஎல் தன் அழைப்பில் சில வகைகளை எடுத்துக்காட்டும்: சிறியதாக இருந்தாலும் கூர்மையான பங்களிப்பு, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று காட்டும் எதிர்மறை முடிவு, ஒரு கருத்துரை, ஒரு பயன்பாட்டில் கிடைத்த சுவையான செய்தி. பட்டியலைவிட நிஜமான கட்டுரைகளைப் பார்த்தால் சீக்கிரம் புரியும்.

2012 ஏசிஎல் மாநாட்டில் சிடா வாங், கிறிஸ்டோபர் மேனிங் இருவரும் எழுதிய குறுங்கட்டுரை ஒன்று உண்டு. ஒரு விமர்சனம் பாராட்டுகிறதா திட்டுகிறதா என்று கணினி கண்டுபிடிக்கும் வேலை பற்றியது. அப்போது ஆளாளுக்குச் சிக்கலான முறைகளை முன்வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் செய்ததோ மிக எளிது. எழுத்தை வகைபிரிக்கும் நைவ் பேயஸ், எஸ்விஎம் என்ற இரண்டு பழைய முறைகளை எடுத்தார்கள், அடுத்தடுத்த இரண்டிரண்டு சொற்களையும் கணக்கில் சேர்த்தார்கள், ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். குட்டி விமர்சனங்களில் நைவ் பேயஸும் நீளமானவற்றில் எஸ்விஎம்மும் நன்றாக ஓடின. இரண்டையும் இணைத்த ஓர் எளிய முறை பல தரவுத்தொகுப்புகளில் புதிய முறைகளுக்கு ஈடுகொடுத்தது, சிலவற்றில் முந்தவும் செய்தது. ‘புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன் இதை வென்று காட்டுங்கள்’ என்று மற்றவர்களுக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தது அந்தக் கட்டுரை. அதன் விஷயம் அவ்வளவுதான்.

2018 ஏசிஎல்லில் சிறந்த குறுங்கட்டுரை விருது பெற்ற ஒன்றையும் பாருங்கள். ஸ்குவாட் என்ற தரவுத்தொகுப்பில் ஒரு பத்தியும் அதையொட்டிக் கேள்விகளும் இருக்கும். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்தப் பத்தியிலேயே கிடைக்கும். பதில் நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உண்மையில் புரிந்துகொள்ளாமலேயே பொருத்தமாகத் தோன்றும் சொற்களைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் அல்லவா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூவர், பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் பத்தியில் பதிலே இல்லாத 50,000க்கும் மேற்பட்ட கேள்விகளைச் சேர்த்தார்கள். பழைய தொகுப்பில் நூற்றுக்கு 86 எடுத்த வலுவான அமைப்பு ஒன்று, புதிய தொகுப்பில் 66க்கு இறங்கியது. தரவைத் திரட்டும் உழைப்பு பெரிது. சொல்ல வந்ததோ ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்த அமைப்புகளுக்குத் தெரியவில்லை.

இனி கற்பனையாக ஒன்று. ஒரு மாணவி ஏமாற்றுக் குறுஞ்செய்திகளைக் கண்டுபிடிக்கும் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் பயன்படுத்தும் ஒரு தரவுத்தொகுப்பில் எல்லா முறைகளும் 97, 98 என்று மதிப்பெண் வாங்குகின்றன. ஒருநாள் தரவைக் கண்ணால் புரட்டிப் பார்க்கிறார். முறைகளைச் சோதிக்க ஒதுக்கிய பகுதியில் உள்ள பல செய்திகள், அவை கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பகுதியில் உள்ளவற்றின் அப்பட்டமான நகல். தொலைபேசி எண் மட்டும்தான் வேறு. நகல்களை நீக்கிவிட்டு மறுபடி சோதித்தால் மதிப்பெண்கள் சரிகின்றன, முதலிடத்தில் இருந்த முறை நான்காவது இடத்துக்குப் போய்விடுகிறது.

இது அருமையான குறுங்கட்டுரை. அதன் கூற்றை ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம்: ‘இந்தத் தரவுத்தொகுப்பில் நகல்களை நீக்கினால் முறைகளின் தரவரிசையே மாறிவிடுகிறது.’ இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அல்லது எழுதும்போது நடுவில் ‘மேலும்’ என்று வந்து நிற்கிறது என்றால், இன்னும் குறுங்கட்டுரை கைக்கு வரவில்லை.

அந்த ‘மேலும்’தான் ஆபத்து. நம் மாணவிக்கு ஓர் ஆசை வரும்: நகல்களுக்கு ஏமாறாத புதிய முறை ஒன்றையும் இதிலேயே முன்வைத்துவிட்டால் என்ன? வேண்டாம் என்பேன். நான்கு பக்கத்தில் அந்தப் புதிய முறையைச் சரியாக விளக்கவும் இடமிருக்காது, நிரூபிக்கவும் இடமிருக்காது. மதிப்பாய்வாளர் தன் கேள்விகளையெல்லாம் அந்தப் பலவீனமான பாதியின் மீதே எறிவார். உறுதியாக நிற்க வேண்டிய முதல் பாதியும் அதோடு சேர்ந்து கவிழும். புதிய முறை அடுத்த கட்டுரைக்கு.

ஆசையை அடக்கினால் மட்டும் போதாது. அந்த ஒரே கூற்றுக்கு எழக்கூடிய முதல் மறுப்பைக் கட்டுரைக்குள்ளேயே சந்தித்தாக வேண்டும். ‘நகல்களை நீக்கியதால் சோதனைப் பகுதி சிறியதாகிவிட்டது, அதனால்தான் எண்கள் ஆடுகின்றன’ என்று ஒருவர் சொல்லலாம். பதில் சுலபம்: நகல்கள் எத்தனையோ அத்தனை செய்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கிருந்தாவது நீக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் வரிசை மாறினால் மாணவியின் கூற்று போச்சு. மாறாவிட்டால் கூற்று நிற்கிறது. இந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனைக்கு அட்டவணையில் ஒரு வரி போதும், ஆனால் கட்டுரையின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. அதேபோல, ஒவ்வொரு முறையையும் ஒரே தடவை ஓட்டிவிட்டு எண்ணைப் போடாமல், தற்செயலான தேர்வுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை (‘ரேண்டம் சீட்’) மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிச் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் தர வேண்டும். பக்கம் குறைவு என்பதற்காக ஆதாரத்தில் சலுகை கிடைக்காது.

நான்கு பக்கத்தை எப்படிச் செலவழிப்பது?

நான் பார்த்தவரை புதியவர்களின் வரைவுகளில் முதல் இரண்டு பக்கம் முன்னுரைக்கும் முந்தைய ஆய்வுகளுக்குமே போய்விடுகிறது. ‘இன்றைய டிஜிட்டல் உலகில்’ என்று தொடங்கி மெதுவாக இறங்கி வருவார்கள். குறுங்கட்டுரையில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. முதல் பத்தியிலேயே சிக்கல், இரண்டாவது பத்தியில் நாம் என்ன செய்தோம், என்ன கண்டோம் என்பது எண்ணோடு. முதல் பக்கத்தின் முடிவுக்குள் வாசகருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். இது துப்பறியும் கதை இல்லை. கொலையாளியை முதலிலேயே காட்டிவிடலாம்.

முந்தைய ஆய்வுகளுக்கு ஒரு பத்தி போதும். துறையின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு மூன்று கட்டுரைகளைச் சொல்லி, அவை எங்கே நிற்கின்றன, நாம் எங்கே பிரிகிறோம் என்று காட்டினால் சரி. மதிப்பாய்வாளர்கள் அதிகம் முகம் சுளிப்பது அந்த மிக அருகில் இருக்கும் கட்டுரையையே விட்டுவிடும்போதுதான். அநேகமாக அதை எழுதியவரே நம் மதிப்பாய்வாளராக வந்து உட்கார்ந்திருப்பார்!

முறையை விளக்க முக்கால் பக்கம். நடுவில் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம் முடிவுகளுக்கு. ஒரு நல்ல அட்டவணை, தேவைப்பட்டால் ஒரு படம். அட்டவணையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதன் கீழுள்ள விளக்க வரியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். மிச்ச இடத்தில் பகுப்பாய்வு. நம் மாணவியாக இருந்தால், எந்த மாதிரி செய்திகளில் முறைகள் தடுமாறுகின்றன என்று நாலைந்து எடுத்துக்காட்டுகளை அங்கே வைக்கலாம். குறுங்கட்டுரையில் நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த எடுத்துக்காட்டுகள்தான். முடிவுரை இரண்டு மூன்று வாக்கியம்.

ஏசிஎல் குடும்ப மாநாடுகளில் ‘வரம்புகள்’ என்ற பகுதி கட்டாயம். அது பக்கக் கணக்கில் வராது. நம் குறைகளை நாமே எடுத்துக் கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். ஒரே மொழியில்தான் சோதித்தோம், ஒரே தரவுத்தொகுப்பில்தான் பார்த்தோம் என்று நாமே சொல்லிவிட்டால், அதையே பெரிய கண்டுபிடிப்பாக மதிப்பாய்வாளர் எழுதுவது குறையும்.

வார்ப்புரு பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மாநாடுகள், கட்டுரையைப் பக்கங்களாக அமைத்துத் தரும் லேடெக் மென்பொருளுக்கான வார்ப்புருவைத் தருகின்றன. ஓவர்லீஃப் போன்ற தளங்களில் அதைத் திறந்து நேரடியாக எழுதலாம். கடைசி இரவில் நாலு வரி கூடுதலாகிவிட்டால் ஓரத்தைக் குறைக்கத் தோன்றும், எழுத்தைச் சிறிதாக்கத் தோன்றும், தலைப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நசுக்கத் தோன்றும். இதைச் சரிபார்க்கவே சில மாநாடுகள் நிரல் வைத்திருக்கின்றன. சிக்கினால் உள்ளடக்கத்தை யாரும் படிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘டெஸ்க் ரிஜெக்ட்’ என்பது இதுதான். நாலு வரியை வெட்டுவதே மேல். வெட்டிய பிறகு கட்டுரை பெரும்பாலும் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும்.

பெயரை மறைப்பது, கெடுவைப் பிடிப்பது

பல மாநாடுகளில் மதிப்பாய்வு இருபக்கமும் மறைக்கப்பட்டது: எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது, படிப்பவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. தலைப்பின் கீழ் பெயரை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மாட்டிக்கொள்வது மற்ற இடங்களில். ‘எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி’ என்று எழுதி மேற்கோள் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு யாரோ எழுதியதைச் சொல்வதுபோலப் படர்க்கையில் எழுத வேண்டும். நன்றியுரையையும் நிதியுதவி விவரத்தையும் இப்போதைக்கு எடுத்துவிட வேண்டும். நிரலுக்குக் கொடுக்கும் கிட்ஹப் இணைப்பில் நம் பெயரே இருக்கும். அதைப் பெயரற்ற பிரதியாக மாற்ற வேண்டும். பிடிஎஃப் கோப்பின் பண்புகளிலும் கோப்பின் பெயரிலும்கூட ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் ஆர்கைவ் தளத்தில் நம் கட்டுரையையும் பெயரோடு போடலாமா என்பது மாநாட்டுக்கு மாநாடு வேறுபடும். ஏசிஎல் முன்பு கெடுவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதற்குத் தடை வைத்திருந்தது. 2024இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. வேறு சில இடங்களில் விதி இன்னும் கறாராக இருக்கும். அந்த ஆண்டின் அழைப்பைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்ற ஆண்டு விதியை நம்பாதீர்கள்.

கெடு நேரத்தைப் பெரும்பாலும் ‘ஏஓஇ’ என்று குறிப்பிடுவார்கள். பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். கிரீன்விச் நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலம் அது. இரவு 11:59 என்று போட்டிருந்தால் கிரீன்விச் நேரப்படி மறுநாள் பகல் 11:59 வரை வாசல் திறந்திருக்கும். இந்தக் கூடுதல் நேரத்தை நம்பித் தூங்கிவிட்டு விழித்தவர்களும் உண்டு. அப்புறம், பல மாநாடுகளில் இரண்டு கெடுக்கள் இருக்கும்: தலைப்பையும் சுருக்கத்தையும் பதிவு செய்ய முதல் தேதி, ஒரு வாரம் கழித்து முழுக் கட்டுரைக்கு அடுத்த தேதி. முதலாவதைத் தவறவிட்டால் இரண்டாவதற்கு உள்ளே போகவே முடியாது.

அனுப்பும் இடம் ஓப்பன்ரிவ்யூ, ஈசிசேர், ஹாட்சிஆர்பி, சிஎம்டி போன்ற தளங்களில் ஒன்றாக இருக்கும். உடன் எழுதியவர்கள் எல்லோருக்கும் அங்கே கணக்கு தேவைப்படலாம். ஓப்பன்ரிவ்யூவில் நிறுவன மின்னஞ்சல் இல்லாமல் கணக்குத் திறந்தால் ஒப்புதலுக்கு இரண்டு வாரம்வரை ஆகும். கெடு நாளன்று மூன்றாவது ஆசிரியருக்குக் கணக்கே இல்லை என்று தெரியவந்து அலைந்த குழு ஒன்றில் நானும் இருந்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பக் கூடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போடவும் கணினித் துறைச் சங்கமான ஏசிஎம், ஏசிஎல் போன்ற அமைப்புகள் அனுமதிப்பதில்லை. உலகத்திலேயே இல்லாத ஒரு கட்டுரையை அந்தக் கருவி மேற்கோள் பட்டியலில் நுழைத்துவிட்டால் பழி நம் தலையில்தான் விழும்.

எந்த மாநாடு என்று தேர்ந்தெடுப்பதிலும் விழிப்பு வேண்டும். 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர், பொருளே இல்லாத கட்டுரைகளைத் தானாக எழுதித் தள்ளும் சைஜென் என்ற நிரலை உருவாக்கினார்கள். அது எழுதிய உளறல் ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014இல் அதே நிரலின் ‘படைப்புகள்’ 120க்கும் மேல் தங்கள் தொகுப்புகளில் புகுந்திருப்பது தெரியவந்து ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் அவற்றை நீக்க நேர்ந்தது. ஒரு வாரத்தில் முடிவு சொல்கிறோம் என்று உங்களைப் புகழ்ந்து மின்னஞ்சல் வந்தால், பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் ஒரே மாநாட்டில் என்றால், தள்ளியே நில்லுங்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் நல்ல கட்டுரைகள் எங்கே வெளியாகின என்று பாருங்கள். அங்கே அனுப்புங்கள்.

மதிப்பாய்வு வந்த பிறகு

இரண்டு மூன்று மாதம் கழித்து மதிப்பாய்வுகள் வரும். பல மாநாடுகளில் இறுதி முடிவுக்கு முன் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு தருவார்கள், ‘ரிபட்டல்’ என்பார்கள். குறுங்கட்டுரைக்கு வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஏன் இன்னொரு தரவுத்தொகுப்பிலும் செய்யவில்லை?’ கோபப்படாமல் படியுங்கள். கேள்வி நம் கூற்றையே அசைக்கிறதா, அல்லது கட்டுரையைப் பெரிதாக்கச் சொல்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதற்கு முடிந்தால் சோதனை செய்து எண்ணோடு பதில் தர வேண்டும். பின்னதற்கு, எங்கள் கூற்று இந்தத் தொகுப்பைப் பற்றியது மட்டுமே என்று பணிவாக எல்லையைக் காட்டினால் போதும். மதிப்பாய்வாளரை மடக்குவதாக நினைத்துப் பதில் எழுதாதீர்கள். மதிப்பாய்வுகளையும் பதிலையும் சேர்த்துப் படித்து முடிவு சொல்லப்போகும் பகுதித் தலைவருக்காக எழுதுங்கள்.

நிராகரித்துவிட்டால்? வலிக்கத்தான் செய்யும். இந்த முறையில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை இயந்திரக் கற்றலுக்கான நிப்ஸ் மாநாடு (இன்றைய நியூரிப்ஸ்) 2014இல் அளந்தே பார்த்தது. 166 கட்டுரைகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில், அதாவது ஏறக்குறைய கால்வாசியில், இரண்டு குழுக்களின் முடிவும் முரண்பட்டது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளியிருந்தது. 2021இல் மறுபடி செய்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த ஹைபர்டெக்ஸ்ட் மாநாட்டுக்கு டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் கையோவும் ஒரு கட்டுரை அனுப்பினார்கள். அது ஏற்கப்படவில்லை, செயல்விளக்கமாகக் காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். அவர்கள் காட்டியது உலகளாவிய வலை.

ஆனால் எல்லாப் பழியையும் அதிர்ஷ்டத்தின் மீது போட்டுவிடவும் கூடாது. மூன்று மதிப்பாய்வாளர்களில் இரண்டு பேர் ஒரே இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தவறு எழுத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் திருத்திவிட்டு அடுத்த மாநாட்டுக்கோ ஒரு பட்டறைக்கோ அனுப்புங்கள். எதிர்மறை முடிவுகளுக்கென்றே 2020 முதல் மொழித் தொழில்நுட்பத்தில் ஒரு பட்டறை நடக்கிறது.

ஏற்கப்பட்டால் ‘கேமரா ரெடி’ எனப்படும் இறுதிப் பிரதியைத் தர வேண்டும். பெயர்களும் நன்றியுரையும் இப்போது திரும்பி வரலாம். ஏசிஎல்லில் கூடுதலாக ஒரு பக்கம் தருவார்கள். அதில் புதுச் சோதனைகளைக் கொட்டாமல், மதிப்பாய்வாளர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை வையுங்கள். பெயரற்ற நிரல் இணைப்பை நிஜ இணைப்பாக மாற்றி, அது திறக்கிறதா என்று வேறொருவரின் கணினியில் சோதியுங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர்களில் ஒருவராவது கட்டணம் செலுத்தி மாநாட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் ஏற்ற கட்டுரையும் தொகுப்பில் வராமல் போகலாம். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, பயண உதவித்தொகையும் பல மாநாடுகளில் உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் தேதி தனி.

குறுங்கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் மேடைப் பேச்சு கிடைக்காது, சுவரொட்டி அமர்வுதான். அது நல்லதுக்குத்தான், மேடையில் பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்குவதைவிட, பலகைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்று பத்துப் பேரிடம் பேசுவதில் கற்றுக்கொள்வது அதிகம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பலகை நிமிர்ந்ததா, படுத்ததா என்று மட்டும் மாநாட்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பாதி தொங்கும் சுவரொட்டியோடு நிற்கிற ஒருவரை ஏறக்குறைய எல்லா மாநாட்டிலும் பார்க்கலாம்.